மழலைக்குக் காப்பு

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர். மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி என அவ்வரிசை தொடர்ந்து செல்லும். பாடப்படுபவர் முருகப்பெருமானாயினும் மதுரை மீனாட்சியம்மையாயினும் முதலில் அமைவது காப்புப் பருவமே. உலகைக் காக்கும் தெய்வமே மழலையாக வந்து தவழ்ந்தாலும், அம்மழலையைக் காத்தருளுமாறு பிற தெய்வங்களை வேண்டிக்கொண்ட பின்னரே புலவர் அடுத்த பருவத்துக்குச் செல்வார். குழந்தை என்றால் அது காக்கப்பட வேண்டியது. அதில் தெய்வக் குழந்தை, மானிடக் குழந்தை என்ற வேறுபாடு இல்லை.

அந்தக் காப்புக் கடமையை ஓசூரின் பல இல்லங்களில் இன்று ஏற்று நடத்துபவர்கள் தாத்தாக்களும் பாட்டிகளும்தாம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து இவ்வூர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கைக்கடிகாரம், இருசக்கர வாகனம், லாரி, அவற்றுக்கான உதிரிபாகம் என்று ஆலைகள் பெருகின; 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. கணவன் ஒரு ஷிப்டுக்கும் மனைவி மற்றொரு ஷிப்டுக்கும் புறப்படுகின்றனர். சிலர் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருக்கு நாள்தோறும் சென்று திரும்புகின்றனர். பேறுகால விடுப்பு முடியும் நாள் நெருங்கியதும் ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கு அழைப்பு வருகிறது. காவேரிப்பட்டணத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து சேரும் முதியோர், மலைமேல் எழுந்தருளியுள்ள சந்திரசூடேசுவரரையும் மரகதாம்பாளையும் முடிந்த நாளில் தரிசிக்கின்றனர்; மற்ற நாள்களில் பேரக் குழந்தைக்குச் செய்யும் பணியே அவர்களுக்கு வழிபாடு.

தாலாட்டும் அவர்களுக்குத் தெரியும். எண்ணெய் தேய்த்துக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டவும் தெரியும். அவர்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் வீட்டில் இல்லாத பொருள் ஒன்று மட்டும் இப்போது தொட்டில் அருகே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அது டயப்பர். பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் கட்டிய தலைமுறைக்கு அது புதிது. அதனால் வரும் புண்ணும் புதிது.

மலையூரின் குளிரும் டயப்பரும்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாத இரவுகளில் ஈரத் துணி குழந்தையின் உடம்பில் ஒட்டினால் உடனே குளிர்ந்துவிடும். குழந்தை விழித்து அழும். துவைத்துப் போட்ட துணியும் மழை நாளில் எளிதில் உலராது. மலையிறங்கிக் கிருஷ்ணகிரிக்குச் சென்றால் நிலை மாறும். அங்குக் கோடையின் புழுக்கத்தில், உறிஞ்சும் பஞ்சுக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் உள்ளே குழந்தையின் தோல் வியர்வையில் ஊறிக் கிடக்கும். ஆகவே மேட்டூருக்குக் குளிரும் தாழ்வூருக்கு வெப்பமும் காரணமாக, ஒரே குழந்தைக்கு இரு ஊர்களிலும் அரையைச் சுற்றிய தோல் சோதனைக்கு உள்ளாகிறது.

வேலைக்குச் செல்லும் தாய் டயப்பரை விரும்புவதைச் சோம்பல் என்று கருதுவது நியாயமன்று. இரவு ஷிப்டு முடிந்து வந்தவள் நான்கு மணி நேரமாவது உறங்க வேண்டுமெனில் அது உதவுகிறது. பெரியவர்களுக்கும் முதுகு வலி, முழங்கால் வலி உண்டு. நாளொன்றுக்கு இருபது துணி துவைப்பது அவர்களாலும் இயலாது. டயப்பர் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தில் வீட்டின் அமைதி குலையத் தேவையில்லை. அதற்குள் இருக்கும் தோலைத் தினமும் உற்றுப் பார்ப்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல

டயப்பர் அணிந்த இடத்தில் தோல் சிவந்தால் வீட்டில் உள்ளோர் அனைவரும் 'அலர்ஜி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். உண்மையில் இத்தகைய சிவப்பு பெரும்பாலும் ஒவ்வாமையால் வருவதன்று. ஈரத்தாலும் மலத்தாலும் வரும் உறுத்தலே அது. சிறுநீரும் மலமும் நெடுநேரம் ஒன்றாகத் தங்கும்போது மலத்திலுள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. காரத்தன்மை ஏறுகிறது. அதனால் மலத்தில் எஞ்சியிருக்கும் செரிமான நொதிகள் வீறு கொண்டு, ஏற்கெனவே ஊறிப்போன மெல்லிய தோலைத் தின்னத் தொடங்குகின்றன. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இத்தொல்லை குறைவு. கூழும் பருப்புச் சோறும் ஊட்டத் தொடங்கிய பின், ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களில், இது மிகுதியாகக் காணப்படும். சப்பாணி கொட்டி அமர்ந்திருக்கும் பருவத்தில்தான் அமரும் இடம் புண்ணாகிறது.

மூன்று வகைச் சிவப்பையும் வேறு பிரித்து அறிய உதவுவது அது தோன்றும் இடமே.

உறுத்தலால் வரும் சிவப்பு, டயப்பர் நன்கு அழுந்தும் மேடான பகுதிகளில் தோன்றும்: பிட்டத்தின் உருண்ட பகுதி, அடிவயிறு, தொடையின் மேற்புறம். தொடை இடுக்கின் மடிப்புகள் தப்பியிருக்கும். துணி அங்கே தொடுவதில்லை.

காண்டிடா என்னும் பூஞ்சையால் வருவது இதற்கு நேர்மாறு. அது மடிப்புகளுக்குள்ளேயே குடிகொள்ளும். நிறம் அடர் சிவப்பாக இருக்கும். அதன் எல்லைக்கு அப்பால் சிறு சிறு சிவந்த புள்ளிகள் நிலவைச் சுற்றிய விண்மீன்கள்போல் சிதறிக் கிடக்கும். சளிக்கோ காய்ச்சலுக்கோ ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்த சில நாள்களில் இது தலைகாட்டுவதுண்டு. வாயினுள் வெண்படலம் இருந்தால் ஐயம் வலுப்படும்.

ஒவ்வாமையால் வருவது மூன்றாவது வகை. முன்னிரண்டையும்விட இது அரிது; ஆனால் அடிக்கடி தவறாக அறியப்படுவது. எந்தப் பொருள் ஒவ்வவில்லையோ அந்தப் பொருள் தொட்ட இடத்தில் மட்டும் இது வரும். இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக் பிடிக்கும் கோடு, தொடையைச் சுற்றிய சுருக்கு, பக்கவாட்டில் ஒட்டும் பட்டை, வண்ணப்படம் அச்சிட்ட பகுதி ஆகியவற்றை அது அப்படியே படியெடுத்துக் காட்டும். சிவந்து தடித்துச் சிறு கொப்புளங்களும் பொருக்கும் தோன்றும், அரிப்பு மிகும். குழந்தைக்கு அரிக்கிறது என்று சொல்லத் தெரியாது. டயப்பரைக் கழற்றியதும் கை அங்கே போகும், உறக்கத்தில் நெளியும், காரணமின்றிச் சிணுங்கும்.

பாவாடை நாடாவின் தடம்

ஓசூர் பாகலூர் சாலையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் இப்படி ஒரு சிவப்பு எட்டு மாதப் பெண் குழந்தைக்கு வந்தது. பாட்டி காவேரிப்பட்டணத்துக்காரர், நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். மருமகள் பாட்டியின் பவுடரைக் குறை கூறினாள். பாட்டி டயப்பரைக் குறை கூறினார். மகன் இருவரிடமும் பேச அஞ்சி, மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கி வந்தான். பூசிய மூன்றாம் நாளே சிவப்பு தணிந்தது. நிறுத்திய நான்காம் நாள் முன்னிலும் கடுமையாகத் திரும்பி வந்தது. மீண்டும் பூசினர், மீண்டும் தணிந்தது, மீண்டும் வந்தது. "என் கைப்பக்குவம் போய்விட்டது, என்னை ஊரில் கொண்டுபோய் விடு" என்று பாட்டி மகனிடம் சொன்னது அந்த வாரத்தில்தான்.

ஒரு நாள் குளிப்பாட்டியபின் குழந்தையைச் சன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் படுக்க வைத்தபோது, அச்சிவப்பின் வடிவம் பாட்டியின் கண்ணில் பட்டது. தொடை இடுக்கு வெளுப்பாக இருந்தது. பிட்டத்தின் நடுவும் தெளிவாக இருந்தது. இடுப்பில் ஒரு கோடு. இரு பக்கமும் இடுப்பெலும்புக்குக் கீழே உள்ளங்கையளவு திட்டு. பாவாடை நாடா ஆண்டுக்கணக்கில் அழுத்திக் கறுத்த தடம் தம் இடையில் இருப்பதை அவர் அறிவார். குழந்தையின் இடையில் இருந்ததும் அத்தகைய தடமே என்பது அவருக்குப் புலப்பட்டது. புதிய டயப்பர் எப்போது வாங்கினோம் என்று கேட்டார். சலுகை விலையில் கிடைத்த வேறொரு வகையை மூன்று வாரமாகப் பயன்படுத்துவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குழந்தை நல மருத்துவர் அதையே உறுதி செய்தார். களிம்பை நிறுத்தச் சொன்னார். அந்த டயப்பரை விலக்கச் சொன்னார். சாயமற்ற வெள்ளைப் பருத்தித் துணியைச் சில நாள் கட்டச் சொன்னார். குழந்தையின் அரைஞாண் கயிற்றையும் சற்று அவிழ்த்து வைக்கச் சொன்னார். கறுப்புச் சாயமும் கோத்திருந்த உலோகத் தாயத்தும் அதே கோட்டில் உரசிக்கொண்டிருந்தன. குலதெய்வக் கோயிலில் கட்டிய கயிறாயிற்றே என்று பாட்டி தயங்கினார். பின்னர் அதைச் சுவாமி அறையில் திருநீற்றுத் தட்டில் வைத்து, தோல் ஆறிய பிறகு கட்டுவதாக வேண்டிக்கொண்டார். பத்து நாள்களில் திட்டு மங்கியது. மூன்றாம் வாரத்தில் சுவடே இல்லை. ஊருக்குப் போகும் பேச்சும் அத்துடன் நின்றது.

வெளிநாட்டு மருத்துவர் கண்டவை

அப்பாட்டி கண்ட வடிவத்துக்கு மருத்துவ நூல்களில் ஒரு பெயரே உண்டு. 1998-இல் பிரான்சு நாட்டுத் தோல் மருத்துவர்கள், டயப்பரின் ரப்பர்ப் பகுதியிலுள்ள வேதிப்பொருள்களால் இடுப்பின் இருபுறமும் குழந்தைகளுக்கு வந்த தடிப்பை விவரித்தனர். 'லக்கி லூக்' என்னும் சித்திரக்கதை வீரன் துப்பாக்கி உறையைத் தொங்கவிடும் இடத்தில் அது இருந்தமையால் அவன் பெயரையே அதற்குச் சூட்டினர். கிருஷ்ணகிரி வட்டாரத்து நடுகற்களைக் கண்டவர்களுக்கு அந்த இடத்தை எளிதில் விளக்கலாம்: வீரனின் இடைக்கச்சையில் குறுவாள் செருகியிருக்கும் இடமே அது.

2005-இல் அமெரிக்க மருத்துவர்கள், டயப்பரில் இட்ட நீலம், பச்சை, இளஞ்சிவப்பு முதலிய சாயங்கள் தொட்ட இடங்களில் மட்டும் தடிப்பு வந்த குழந்தைகளைப் பற்றி எழுதினர். சாயமில்லாத டயப்பருக்கு மாற்றியதும் அது மறைந்தது. 2014-இல் மேலும் ஒரு செய்தி வந்தது. வைப்ஸ் எனப்படும் ஈரத்தாள் கெடாமலிருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்னும் பொருளால் ஆறு குழந்தைகள் துன்புற்றனர். வேறு நோய் என்று எண்ணிப் பல மருந்துகள் கொடுத்தும் தீராத தடிப்பு, ஈரத்தாளை நிறுத்தியதும் தீர்ந்தது. அத்தாளால் வாயையும் துடைத்ததால் வாயைச் சுற்றியும் தடிப்பு இருந்தது. பிட்டத்திலும் வாயருகிலும் ஒரே நேரத்தில் சிவப்புக் கண்டால் ஈரத்தாளை ஐயுற வேண்டும் என்பது இதனால் கிடைத்த பாடம்.

'ஆறு மாதமாக அதே டயப்பர்தானே, அப்போது வராதது இப்போது எப்படி வரும்?' என்ற வினா எல்லா வீட்டிலும் எழும். ஒவ்வாமையின் இயல்பே அதுதான். ஒரு பொருளை உடல் பலமுறை சந்தித்து, அதைப் பகையென்று மனத்தில் குறித்துக்கொண்ட பிறகே சீறத் தொடங்கும். இருபது ஆண்டு ஒட்டுப்பொட்டு வைத்த நெற்றியில் ஒரு நாள் திடீரென அரிப்பும் வெண்திட்டும் வருவதைப் பாட்டியர் பலர் பட்டறிந்திருப்பர். ஒருமுறை பகைமை ஏற்பட்டபின், அப்பொருள் தொட்ட ஒன்றிரண்டு நாள் கழித்தே தடிப்பு மேலெழும். ஆகவே இன்று சிவந்ததற்குக் காரணம் தேடுவோர் நேற்றையும் முந்தைய நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விலக்குவதே முதல் மருந்து

வீட்டில் புண் கண்டால் ஏதேனும் ஒன்றை எடுத்துப் பூசுவதே கைக்கு வரும் முதல் செயல். ஒவ்வாமையில் அது தலைகீழாக அமைய வேண்டும். மணமுள்ள சோப்பு, ஈரத்தாள், பவுடர், வண்ண டயப்பர், துணியில் ஊற்றும் வாசனைத் திரவம், குளிக்கும் நீரில் கலக்கும் கிருமிநாசினி ஆகிய யாவற்றையும் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். மஞ்சளும் வேப்பிலையும் நல்லவைதாமே என்று தோன்றும். தோல் உரிந்த இடத்தில் அவையும் உறுத்தும், சிலருக்கு மஞ்சளே ஒவ்வாது. புண் ஆறும் வரை அவையும் வேண்டா.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான நீரே போதும். மலம் ஒட்டியிருந்தால் சிறிது தேங்காய் எண்ணெயைத் தடவி, மென்மையான பருத்தித் துணியால் எடுத்துவிடலாம். பின்னர் துடைத்தல் கூடாது, ஒற்ற வேண்டும். திருமஞ்சனம் முடிந்ததும் அர்ச்சகர் சுவாமியின் திருமேனியில் திருவொற்றாடையை வைத்து ஈரத்தை மெல்ல ஒற்றி எடுப்பதைக் கோயிலில் அடிக்கடி காணலாம். அந்தக் கைவாகு இங்கும் வேண்டும்.

ஒற்றிய பின் பத்து, பதினைந்து நிமிடம் குழந்தையை ஒன்றும் கட்டாமல் விட்டு வைப்பது நல்லது. நாளுக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு காற்றுப்பட வைத்தால் புண் விரைவில் ஆறும். ஓசூர்க் குளிரில் காற்று அடிக்காத அறையில், விரிப்பின்மேல் பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட்டுக் கிடத்தலாம்.

அதன்பின் காப்பு. ஜிங்க் ஆக்சைடு உள்ள, மணமும் நிறமும் இல்லாத களிம்பு அல்லது வெறும் பெட்ரோலியம் ஜெல்லியைச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல் தடிமனாகப் பூச வேண்டும். அது ஈரத்துக்கும் தோலுக்கும் இடையே அரணாக நிற்கும். ஒவ்வொரு முறையும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அழுக்கான மேற்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மேலும் பூசினால் போதும்.

துணி கட்டுவோர் அதை நன்கு அலச வேண்டும். சோப்புத் தூள் எச்சம் துணியில் தங்கினால் அதுவே உறுத்தும். இரண்டு முறை தெளிந்த நீரில் அலசி வெயிலில் உலர்த்துவது சிறந்தது. மழை நாளில் சூடான இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்கலாம். டயப்பர் கட்டுவோர் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். இடுப்பில் இரு விரல் நுழையுமளவு தளர்வாகக் கட்டுவது நலம். ஆறிய பிறகு புதிதாக எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கி, ஒரு வாரம் பார்த்த பின்பே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் குற்றவாளி யார் என்பது தெரியாமலே போய்விடும். தாத்தா வரவு செலவு எழுதும் குறிப்பேட்டில் புதிய டயப்பர், புதிய சோப்பு தொடங்கிய தேதியை ஒரு வரியில் எழுதி வைத்தால், மருத்துவர் கேட்கும் முதல் வினாவுக்கு விடை தயாராக இருக்கும்.

பூசியது உள்ளே செல்லும்

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் வீரியமிக்க ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு சிவப்பை உடனே அடக்கும், காரணத்தை அகற்றாது. நிறுத்தியதும் சிவப்பு திரும்பும். தொடர்ந்து பூசினால் தோல் காகிதம்போல் மெலிந்து போகும். டயப்பர் மேலே இறுகக் கட்டியிருப்பதால் மருந்து பன்மடங்கு உள்ளே ஊறி, குழந்தையின் உடலில் இயல்பாகச் சுரக்கும் சுரப்பையே குலைக்கக்கூடும். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதித்தது இத்தகைய தீங்குகளை எண்ணியே. தேவை என்று கண்டால் மருத்துவரே மிக மென்மையான வகையைச் சில நாள்களுக்கு மட்டும் எழுதித் தருவார். ஒரு குழந்தைக்கு எழுதியதைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பதும், சென்ற ஆண்டு மிஞ்சிய குழாயை இந்த ஆண்டு பிதுக்குவதும் ஆபத்து.

பவுடரைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். அதன் தூசு குழந்தையின் மூச்சுக்குள் செல்லும். மடிப்புகளில் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உறுத்தும். 1972-இல் பிரான்சில் நடந்த துயரம் மருத்துவ உலகம் மறவாதது. உற்பத்தியில் நேர்ந்த பிழையால் ஹெக்சாகுளோரோஃபீன் என்னும் கிருமிநாசினி மிகுதியாகக் கலந்துவிட்ட குழந்தைப் பவுடர் விற்பனைக்குச் சென்றது. டயப்பர் இடத்தில் அதைத் தூவிய தாய்மார் ஏதும் அறியார். 36 குழந்தைகள் உயிரிழந்தன. மழலையின் தோல் சுவரன்று, வாசல். அதிலும் புண்பட்ட தோல் திறந்த வாசல். எதைப் பூசினாலும் அது உள்ளே செல்லும் என்ற அச்சம் கைக்கு இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விலக்கியும் மூன்று நாளில் சிறிதும் தணியாவிட்டால் குழந்தை நல மருத்துவரைக் காண வேண்டும். காய்ச்சல், சீழ், நீர் கோத்த பெருங்கொப்புளம், இரத்தக் கசிவு, பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே காண வேண்டும். பிட்டத்தோடு வாயைச் சுற்றியும் கைகால்களிலும் புண் பரவி, வயிற்றுப்போக்கும் இருந்தால் அது துத்தநாகச் சத்துக் குறைபாடாகவும் இருக்கலாம். அதைப் பரிசோதித்தே அறிய முடியும். எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்பது தெரியாமல் அடிக்கடி வந்துகொண்டிருந்தால், தோல் மருத்துவர் முதுகில் சிறு ஒட்டுகளை வைத்துச் செய்யும் சோதனை வழி காட்டும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. இரவு நேரத்தில் ஐயம் எழுந்தால் 104 என்னும் அரசு மருத்துவ உதவி எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

இவை அனைத்துக்கும் முற்பட்டது பார்வை. ஆலைக்கு ஓடும் தாய்க்குக் கிடைக்காத நேரம் பாட்டிக்குக் கிடைக்கிறது. அரை வெளிச்சத்தில் அவசரமாக டயப்பர் மாற்றும் கைக்குத் தென்படாத கோடு, குளிப்பாட்டி முடித்து மடியில் கிடத்திப் பார்க்கும் கண்ணுக்குத் தென்படும். யார் செய்த தவறு என்று தேடாமல் எந்த இடத்தில் சிவந்திருக்கிறது என்று தேடும் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே வழக்கு இராது. குழந்தையின் வலியும் நீடிக்காது. நாளைக் காலை குளியலுக்குப் பின் ஒரு நிமிடம், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுப்பையும் மடிப்பையும் தொடையையும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். சந்திரசூடேசுவரர் திருமுடியில் சூடிய நிலவின் தண்மை எல்லா மழலைக்கும் கிட்டுவதாக!